வலி போச்சு... கால் சரியாச்சா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் திணறித்தான் போனேன். கவிதை எனக்கு வராது. கதையும் வராது. கடந்த ஒரு வருடமாக நான் கவனமாகப் படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். அது என் வலது முழங்கால்! போன மாதம் ஜூனியர் தம்பி ஒருவன் கிரவுண்டில் விழுந்து முட்டி வீங்கி, நாலாம் நாளே "வலி போச்சுண்ணே, சாயங்காலம் ஆட வர்றேன்" என்றான். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு ஆபரேஷனும் பதினொரு மாதமும்.

நடந்தது இதுதான்

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பாலிடெக்னிக்குகளுக்கு இடையேயான மண்டல கபடிப் போட்டி. ரெய்டு போய்த் திரும்பும்போது வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். யாரும் என்னைத் தொடவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

"வெறும் சுளுக்குதான்டா" என்றார்கள். ஊரில் ஒருவரிடம் போய் எண்ணெய் போட்டு வழித்து, கட்டும் போட்டுக்கொண்டேன். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்தது. நான்காவது வாரம் ஹாஸ்டலில் வாலிபால் ஆட இறங்கினேன். ஒரு பந்துக்கு எம்பிக் குதித்துத் தரையில் இறங்கியபோது, ஸ்டாண்டு நழுவிய சைக்கிள் மாதிரி கால் அப்படியே மடிந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, ஜவ்வு முதல் தடவையே அறுந்திருக்கு. அப்பவே வந்திருந்தா அதோட போயிருக்கும். இப்ப மெனிஸ்கஸும் கிழிஞ்சிருக்கு." ஆபரேஷன் முடிந்து அந்த செமஸ்டரில் பாதி நாள் கட்டிலில். வருகைப் பதிவு குறைந்து, ஒர்க்‌ஷாப் பிராக்டிகலும் போனது. அம்மா இரண்டு மாதம் என்னைத் தாங்கித் தாங்கி நடக்க வைத்தார்கள்.

முட்டி என்னும் மெஷின்

முழங்காலை நாம் கதவுக் கீல் என்று நினைத்துக்கொள்கிறோம். கீல் ஒரே அச்சில் திரும்பும். முட்டி அப்படி இல்லை. மடக்கும்போது தொடை எலும்பு கீழ் எலும்பின் மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. காலை முழுசாக நீட்டும்போது கடைசியில் கொஞ்சம் திருகிக்கொண்டு 'லாக்' ஆகிறது.

இத்தனை அசைவு உள்ள மூட்டைப் பிடித்து வைத்திருப்பவை நான்கு முக்கிய தசைநார்கள். நாம் ஜவ்வு என்கிறோமே, அவைதான். பக்கவாட்டில் இரண்டு, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு. நடுவில் முன்புறம் இருப்பதுதான் ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகாமலும் அது பிடித்துக்கொள்கிறது. இளவயதுக்காரரின் ஏ.சி.எல். அறுபட சுமார் 2000 நியூட்டன் இழுவிசை வேண்டும். 200 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டது போல! அப்படிப்பட்டதும் தப்பான கோணத்தில் ஒரு திருகு விழுந்தால் போய்விடுகிறது. ஏ.சி.எல். காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமல், தானாகக் காலை ஊன்றித் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோதான் ஏற்படுகின்றன.

இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு வாஷர்கள். அவைதான் மெனிஸ்கஸ். எலும்பு முனைகளில் வழவழவென்று குருத்தெலும்பு. உள்ளே லூப்ரிகேஷனுக்கு மூட்டுத் திரவம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது பஞ்சைப் பிழிந்து விடுவது போல அந்தத் திரவம் உள்ளே போய் வந்தால்தான் அதற்குச் சாப்பாடு! அதனால்தான் மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பது மருந்து ஆகாது.

இந்த மெஷினுக்கு ஷாக் அப்சார்பர் எது? தொடைத் தசைகள். செயற்கை மூட்டுக்குள் சென்சார் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. மாடிப்படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. 60 கிலோ ஆசாமி ஹாஸ்டல் படியில் இறங்கினால் ஒவ்வொரு படியிலும் முட்டிக்கு 200 கிலோவுக்கு மேல்! தசை பலவீனமாக இருந்தால் இது நேராக ஜவ்வுக்கும் வாஷருக்கும்தான் போகும்.

இரும்பும் உடம்பும்

லேபில் யூ.டி.எம். மெஷினில் மைல்டு ஸ்டீல் துண்டை மாட்டி இழுத்திருப்பீர்கள். யீல்டு பாயிண்ட் தாண்டினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. திரும்பத் திரும்ப லோடு கொடுத்தால் ஃபெடீக் ஆகி உடையும். உடம்பு அப்படி இல்லை. அளவான லோடு, அப்புறம் ஓய்வு, மறுபடி கொஞ்சம் கூடுதல் லோடு என்று கொடுத்தால் தசையும் தசைநாரும் முன்பைவிடப் பலமாகின்றன. லோடே கொடுக்காவிட்டால் கரைகின்றன. அளவு மீறினால் அறுகின்றன. காயத்துக்குப் பிந்தைய உடற்பயிற்சியின் ரகசியமே இந்த நடுப்பாதைதான்.

'வலி போச்சு' என்பது ஏன் சரியான அளவுகோல் இல்லை என்றால், வலி சீக்கிரம் போய்விடும். ஜவ்வு சீக்கிரம் ஆறாது. ஆபரேஷனில் வைக்கும் புது ஜவ்வு உடம்புக்குள் உருமாறிக்கொண்டே இருக்கிறது. முதல் சில மாதங்களில், அதாவது நமக்கு "அட, நல்லா நடக்கிறோமே" என்று தோன்றும் அதே காலத்தில், அது வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். என்ன விபரீதம் பாருங்கள்!

முதலில் டாக்டர், பிறகுதான் பயிற்சி

முட்டியில் என்ன காயம் என்று தெரியாமல் பயிற்சி ஆரம்பிக்காதீர்கள். 'டப்' சத்தம், ஓரிரு மணி நேரத்தில் வீக்கம், நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாமை, முட்டி மடங்கவோ நீளவோ மறுத்து மாட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் விட்டுப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு முறிவுப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கின்றன. வீங்கிய முட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி வழிக்காதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கும்போது அது கேட்டைத்தான் கூட்டும்.

ஜவ்வு அறுந்தால் எல்லோருக்கும் ஆபரேஷன்தானா? இல்லை. 2010-இல் ஸ்வீடனில் 121 இளவயதினரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. முதலில் முறையான பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்ற வழியில் போனவர்களில் பாதிக்கு மேல், இரண்டு வருடம் வரை ஆபரேஷன் இல்லாமலே சமாளித்தார்கள். யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இரண்டு வழியிலும் பயிற்சி இல்லாமல் கதை நடக்காது.

பயிற்சிகள், படிப்படியாக

எனக்குச் சொல்லிக் கொடுத்த பிசியோதெரபி மேடம் முதல் நாளே, "தம்பி, நாளை எண்ணாதே. படியை எண்ணு. ஒரு படி சரியா முடிஞ்சாத்தான் அடுத்த படி" என்றார். கீழே இருப்பது பொதுவான வரிசை. மெனிஸ்கஸ் தைத்தவர்களுக்கு ஊன்றுவதிலும் மடக்குவதிலும் கட்டுப்பாடு அதிகம். அதனால் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

முதல் படி: வீக்கத்தைக் குறை, காலை நேராக்கு, தசையை எழுப்பு. முட்டிக்குள் 20–30 மில்லி நீர் கோத்தாலே தொடையின் உள்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை குறைந்துவிடுகிறது. மெயின் ஸ்விட்சை யாரோ அணைத்தது போல. எனக்கு ஆபரேஷனுக்கு மறுநாள் காலைத் தூக்கு என்றால் தொடை அசையவே இல்லை. அழுகையே வந்துவிட்டது.

அதற்கு வழி: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சின்னதாகச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்துவது. தொடை இறுக வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. கூடவே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து மெதுவாக முட்டியை மடக்குவது. குதிகாலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்து முட்டியைத் தானாக நேராக விடுவதும் முக்கியம். சுகமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். கால் மடங்கினபடியே இறுகிவிடும். வீக்கத்துக்கு ஐஸ் வைத்தால் துணியில் சுற்றி 15 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்க முடிந்ததா? முதல் படியின் முக்கியமான பரீட்சை பாஸ்!

இரண்டாம் படி: நின்று செய்பவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கால்வாசி அளவுக்கு மட்டும் உட்கார்ந்து எழுவது. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது. நாலு அங்குல உயரப் பலகையில் ஏறி இறங்குவது. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேரே முட்டி போக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள்.

சைக்கிள் இந்தக் கட்டத்தில் அருமையான நண்பன். ரோட்டில் அல்ல! நம் பழைய சைக்கிளை பெரிய ஸ்டாண்டு போட்டு, அசையாதபடி நிறுத்தி, சீட்டை உயர்த்தி வைத்து மிதியுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து மெதுவாக இருபதுக்குப் போகலாம். ரப்பர் பேண்டு வாங்கக் காசில்லையா? பழைய சைக்கிள் டியூப் போதும். கட்டில் காலில் கட்டி, காலைப் பின்னால் இழுக்கும் பயிற்சிகள் செய்யலாம். புது ஜவ்வைத் தொடையின் பின் தசையிலிருந்து எடுத்திருந்தால் மட்டும் இதைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: பலம். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, படியில் மெதுவாக இறங்குவது, எடை தூக்குவது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவில் ஓய்வு நாள். ஜிம்மில் உட்கார்ந்து காலை உதைத்து நீட்டும் மெஷின் இருக்குமே, அதில் கடைசி நாற்பது டிகிரி நீட்டலில் ஏ.சி.எல். மேல் இழுவை அதிகம். எப்போது, எந்த அளவுக்கு என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

லேபில் ஒரு ரீடிங்கில் ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாற்றுவோம் இல்லையா? இங்கேயும் அதேதான். எடையைக் கூட்டினால் எண்ணிக்கையைக் கூட்டாதே. ஆழத்தைக் கூட்டினால் எடையைக் கூட்டாதே. இல்லாவிட்டால் நாளைக்கு முட்டி வீங்கும்போது எது காரணம் என்றே தெரியாது.

மூன்று அளவுகோல்

ஒரு நோட்டுப் போடுங்கள். ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு மாதிரி.

ஒன்று, வலி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை பரவாயில்லை. அதுவும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நேற்றுச் செய்தது அதிகம். ஒரு படி பின்னால் போங்கள்.

இரண்டு, வீக்கம். தையல்கார டேப்பால் முட்டிச் சில்லின் நடுவில் சுற்றளவு எடுங்கள். தினமும் காலையில், ஒரே இடத்தில். நேற்றைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் இன்று லோடு குறைய வேண்டும். வலி பொய் சொன்னாலும் டேப் பொய் சொல்லாது.

மூன்று, பலம். நல்ல காலோடு ஒப்பிட வேண்டும். நான்காவது மாதம் நான் கிட்டத்தட்டப் பறந்துகொண்டிருந்தேன். வலி பூஜ்யம். டீம் கேப்டன் வந்து, "மச்சான், ஃபைனல்ல ஒரு பத்து நிமிஷம் மட்டும் இறங்குடா, நீ நின்னாலே போதும்" என்றான். ஆசை யாரை விட்டது? மேடத்திடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, ஒற்றைக் காலில் எழுந்து உட்காரச் சொன்னார். இடது காலில் 22 தடவை. வலது காலில் 9. சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் தொடை சுற்றளவு எடுத்தார். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் குறைவு. "நீயே சொல்லு தம்பி, இந்தக் காலை நம்பி நீ ரெய்டு போவியா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஃபைனலை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். தோற்றோம். இரண்டு பாயிண்டில். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. ஆனால் இன்று எனக்கு ஒரு முட்டி இருக்கிறது.

ஓடலாமா, ஆடலாமா?

ஆபரேஷன் செய்தவர்கள் பொதுவாக மூன்று நான்கு மாதத்துக்கு முன் ஓடத் தொடங்குவதில்லை. அப்போதும் வீக்கம் இருக்கக்கூடாது, கால் முழுசாக நீள வேண்டும், பலம் நல்ல காலில் முக்கால் பங்காவது வந்திருக்க வேண்டும். நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று மண் தரையில் ஆரம்பிக்கலாம். பிறகு இரு காலால் குதித்து மெத்தென்று இறங்குவது, ஒற்றைக் காலால் தாண்டுவது, கடைசியாகத் திரும்பி ஓடுவது.

ஆட்டத்துக்குத் திரும்ப நல்ல காலின் பலத்திலும் தாண்டும் தூரத்திலும் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கூடவே ஒன்பது மாதம். இது ஏதோ சும்மா சொன்ன கணக்கு இல்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்ட 106 விளையாட்டு வீரர்களை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி முட்டி அடிபடும் வீதம் சுமார் பாதியாகக் குறைந்தது. ஒரு மாதப் பொறுமைக்கு இவ்வளவு வட்டி எந்த பேங்க் கொடுக்கும்?

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவை அறியாதவர் இருக்க முடியாது. 1999 நவம்பரில் அவருக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனது. ஐந்து மாதத்துக்குள், 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் நடந்த இத்தாலியக் கோப்பை இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஏழு நிமிடம்கூட முழுசாக ஆகியிருக்காது, யாரும் மோதாமலே அதே முட்டி முழுசாக அறுந்து கீழே விழுந்தார். அவசரம்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது தடவை அவர் ஏறக்குறைய ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல்! ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் அவருடையவை. உலகத்திலேயே சிறந்த வைத்தியம் கிடைத்த ஆளுக்கே அவ்வளவு காலம் என்றால், நமக்கு எதற்கு அவசரம்?

ஹாஸ்டல் வாழ்க்கைக்குச் சில குறிப்புகள்

பைக்கை அந்தக் காலால் கிக்கர் உதைக்காதீர்கள். ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுவதும் இறங்குவதும் வேண்டவே வேண்டாம். மெஸ்ஸில் சம்மணம் போடுவதும், குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறையும் ஆரம்பத்தில் முட்டிக்குப் பெரிய சோதனை. வெஸ்டர்ன் இருக்கும் இடத்தை வார்டனிடம் கேட்டுப் பெறுங்கள், வெட்கப்பட வேண்டாம். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காயம்பட்ட கால் முதலில். லேத்தில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே சாரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, விளையாட்டில்லை. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தக் கட்டியாக இருக்கலாம். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நிறைவாக...

பதினோராவது மாதம் நான் மறுபடி கோட்டுக்குள் காலை வைத்தேன். முதல் ரெய்டில் பாயிண்ட் ஒன்றும் எடுக்கவில்லை. சும்மா போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அதே வலது காலை ஊன்றித்தான் திரும்பினேன். 'டப்' சத்தம் இல்லை. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷம் எந்தக் கோப்பையிலும் இல்லை நண்பர்களே!

ஜூனியர் தம்பியை நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவனுக்கு ஜவ்வு முழுசாக அறவில்லை, பாதிதான். இப்போது தினமும் சாயங்காலம் ஹாஸ்டல் வராந்தாவில் துண்டைச் சுருட்டி வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்! பரவாயில்லை, ஒருநாள் புரியும்.

கிரவுண்டு எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த வருடமும் போட்டி வரும். முட்டி ஆளுக்கு இரண்டுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்காது. ஆகவே "வலி போச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வீக்கம் இல்லையா? நேரா நீளுதா? அந்தக் காலுக்குச் சமமா பலம் வந்துச்சா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் 'ஆமாம்' என்று வந்து, டாக்டரும் பச்சைக்கொடி காட்டினால் தாராளமாக இறங்குங்கள். கைதட்ட நான் முதல் வரிசையில் இருப்பேன்.

வாழ்த்துக்களுடன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்